விவாத இழை: ஒரே பிரதியாக எஞ்சிய 1866ஆம் ஆண்டுச் சமையல் நூல் – உணவும் இனமும் நூலக அலமாரிகளும்

கயல்விழி (இழையைத் தொடங்கியவர்)

மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்தில் 'எ டொமஸ்டிக் குக் புக்' என்றொரு சிறு நூல் இருக்கிறது. 1866இல் அதே மாநிலத்தின் பாவ் பாவ் என்ற சிற்றூரில், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் அச்சகத்தில் அச்சானது. பக்கங்கள் 39தான். எழுதி வெளியிட்டவர் மலிண்டா ரசல். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய சமையல் நூல்களில் இதுவரை தெரியவந்தவற்றுள் இதுவே மூத்தது. உலகில் அறியப்பட்ட மூலப் பிரதி ஒன்றே ஒன்று.

அது பிழைத்த விதம் சுவையானது. ஆன் ஆர்பர் நகரில் ஜேனிஸ் லாங்கோன் என்ற அம்மையார் சமையல், மது பற்றிய பழைய நூல்களை மட்டும் விற்கும் கடையை 1972 முதல் நடத்திவந்தார். கலிஃபோர்னியச் சேகரிப்பு ஒன்றிலிருந்து வந்த நூல்களுக்கிடையில் இது அவர் கையில் சிக்கியது. இன்னது என்று அறிந்த கண்ணில் பட்டதால் தப்பித்தது. 2007இல் நகல் பதிப்பு வந்தது. அவருடைய பெருந்தொகுப்பு இப்போது பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

நூலின் முன்னுரையில் ரசல் தம் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறார். டென்னசியில் பிறந்தவர். பாட்டிக்கு விடுதலை கிடைத்த பிறகு தாய் பிறந்ததால், சட்டப்படி இவரும் அடிமையல்லாதவர். பத்தொன்பது வயதில் லைபீரியாவுக்குக் குடிபெயரப் புறப்பட்டபோது உடன் வந்தவர்களில் ஒருவனே பணத்தைத் திருடிவிட, வர்ஜினியாவின் லிஞ்ச்பர்க்கில் தங்கிச் சமையல்காரியாகவும் நோயாளிகளைக் கவனிப்பவராகவும் வேலை செய்தார். மணமான நான்கு ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். ஊனமுற்ற மகன் ஒருவன். டென்னசியில் தங்கும் விடுதி நடத்தினார், பிறகு பேஸ்ட்ரிக் கடை நடத்திக் காசு சேர்த்தார். 1864இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆயுதக் கும்பல் ஒன்று அதையும் பறித்துக்கொண்டது. மிச்சிகன் மேற்கின் தோட்டம் என்று யாரோ சொல்லக் கேட்டு இங்கே வந்தார். ஊருக்குத் திரும்பி இழந்த சொத்தில் கொஞ்சமாவது மீட்கலாம் என்ற எண்ணத்தோடு நூலை அச்சிட்டார். தம் குறிப்புகள் நல்லவை, உண்டவர்கள் குறை சொன்னதில்லை என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார்.

உணவு, இனம், நூலகம் மூன்றும் சேரும் இந்த இடத்தைப் பற்றிப் பேசத்தான் இழை. இதுபோன்ற தொகுப்புகளைப் பார்த்தவர்கள், பயன்படுத்தியவர்கள் எழுதுங்கள்.

எதிர்வாதி

கயல்விழி, அந்த அம்மாளின் கதை மனத்தைத் தொடுகிறது, மறுக்கவில்லை. நகலை இணையத்தில் புரட்டிப் பார்த்தேன். கேக், புட்டிங், கஸ்டர்ட், பழப்பாகு. மறுபடியும் கேக். 'கறுப்பின உணவு' என்று நாம் இன்று சொல்லும் எதுவும் அதில் தலையெடுக்கவே இல்லை. எழுதியவரின் நிறம் தெரியாவிட்டால் பாஸ்டன் வெள்ளைச் சீமாட்டியின் நூல் என்றே நினைத்திருப்பேன். பிறகு இதிலிருந்து இன வரலாறு எப்படிப் படிப்பது? முன்னுரையை மட்டும்தானே படிக்கிறோம்?

கயல்விழி

நீங்கள் கேட்டதைத்தான் நகல் பதிப்பு வெளிவந்தபோது பலரும் கேட்டார்கள். எனக்கு அது கேள்வியாகத் தோன்றவில்லை, விடையாகத் தோன்றுகிறது.

கறுப்பினச் சமையல் என்றால் பன்றிக் குடல், சோள மாவு, கீரை, வறுத்த கோழி. வறுமையில் பிறந்த கைப்பக்குவம், கரண்டி அளவு தெரியாது, எல்லாம் உள்ளுணர்வு. இப்படியொரு சித்திரம் நெடுங்காலமாக இருக்கிறது. பாராட்டுவதுபோல் சொன்னாலும் அதன் உட்பொருள் வேறு: இவர்களுக்குத் தொழில்நுட்பம் கிடையாது, படிப்பு கிடையாது. ரசல் கடை வைத்திருந்தவர். அடுக்கடுக்காக உப்பும் பஃப் மாவு, பன்னீர் மணக்கும் ரோஸ் கேக், கெளுத்தி மீன் ஃப்ரிகாசி, வெங்காய கஸ்டர்ட் எல்லாம் எழுதுகிறார். தமக்குக் கற்றுக்கொடுத்தவர் வர்ஜினியாவைச் சேர்ந்த ஃபேனி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினச் சமையல்காரி என்று பெயர் சொல்கிறார். தம் முறை 'வர்ஜினியா ஹவுஸ்-வைஃப்' நூலின் வழிப்பட்டது என்றும் சொல்கிறார்.

அந்த 'வர்ஜினியா ஹவுஸ்-வைஃப்' 1824இல் மேரி ரண்டால்ஃப் என்ற உயர்குடி வெள்ளைப் பெண் எழுதியது. அதைத் திறந்தால் வெண்டைக்காய் சூப் இருக்கிறது. 'கம்ப்ஸ்' என்று வெண்டைக்காயை வேகவைத்து வெண்ணெயிட்டுப் பரிமாறும் மேற்கிந்தியப் பண்டம் ஒன்றும் இருக்கிறது. நம்மூர்க்காரர்கள் கவனிக்க: கறித்தூள் செய்முறையும் இருக்கிறது. வெண்டைக்காய் ஆப்பிரிக்கப் பயிர். ரண்டால்ஃபின் அடுப்படியில் நின்றவர்கள் அடிமைகள். ஆக, வெள்ளைப் பெண்ணின் நூலில் ஆப்பிரிக்கக் காய், கறுப்புப் பெண்ணின் நூலில் ஐரோப்பியக் கேக். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் யார் சமைத்தார்கள், யார் பெயர் அட்டையில் ஏறியது என்பது புரியும். ஒரே தொகுப்பில் இரண்டும் இருக்கும் நூலகம் எதற்குத் தேவை என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

கொத்தமல்லி

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். வரலாறு எனக்குத் தெரியாது, கேக் தெரியும். வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன்.

ரசல் அம்மாவின் குறிப்புகளைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வரி. மாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, முட்டை இத்தனை. அவ்வளவுதான். அடுப்புச் சூடு கிடையாது, நேரம் கிடையாது, அடிப்பது எப்படி என்பதும் பல இடங்களில் கிடையாது. விறகடுப்புக் காலம், வெப்பமானி ஏது என்பது புரிகிறது. ஆனாலும் இது புதிதாகக் கற்பவருக்கு எழுதியதல்ல. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவருக்கு எழுதிய துண்டுச் சீட்டு மாதிரி இருக்கிறது. என் கடை நோட்டும் இப்படித்தான் இருக்கும். எதிர்வாதி அண்ணன் பார்த்த 'சீமாட்டி' நூல்களில் வேலைக்காரிக்கு உத்தரவு போடும் தொனி இருக்குமே, இதில் அது இல்லை.

பின்பக்கங்களில் பல்வலிக்கும் முடிக்கும் மருந்து எழுதியிருக்கிறார். நோயாளிகளைக் கவனித்த வேலையின் மிச்சமாக இருக்கலாம்.

பழைய நூலகர்

ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர், மதுரை. கயல்விழி அம்மா சொன்னதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நூல்கள் நூலகத்தில் இருப்பது வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு.

பழைய நூற்பட்டியல்களில் ஆசிரியரின் இனத்துக்கென்று கட்டம் கிடையாது. தலைப்பும் காட்டிக்கொடுக்காது. 1911இல் சிகாகோவில் ரூஃபஸ் எஸ்டஸ் வெளியிட்ட சமையல் நூலையோ, 1827இல் பாஸ்டனில் ராபர்ட் ராபர்ட்ஸ் எழுதிய வீட்டுப் பணியாளர் கையேட்டையோ, வெறும் 'சமையல்', 'இல்லம்' என்று வகைப்படுத்திவிட்டால் ஆயிரம் நூல்களில் ஒன்றாகிவிடும். பொருள் தலைப்பு கொடுத்தாலும் அது காலத்துக்குக் காலம் மாறும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 'குக்கரி' என்ற தலைப்பை 2010இல்தான் 'குக்கிங்' என்று மாற்றியது. 'நீக்ரோ' போய் 'ஆஃப்ரோ-அமெரிக்கன்' வந்து, அதுவும் போய் 'ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்' வந்தது. பழைய அட்டைகள் எல்லாம் திருத்தப்பட்டிருக்கும் என்று நம்பாதீர்கள். தேடுகிறவர் எல்லாப் பெயரிலும் தேட வேண்டும், கசந்தாலும்.

அதனால்தான் தனிமனிதச் சேகரிப்பாளர்கள் முக்கியமாகிறார்கள். டேவிட் வாக்கர் லப்டன் என்பவர் கறுப்பின ஆசிரியர்களின் சமையல் நூல்களை மட்டும் தேடித் தேடிச் சேர்த்தார். 450க்கும் மேற்பட்ட நூல்கள். அவை இன்று அலபாமா பல்கலைக்கழகத்தில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. தேவாலயப் பெண்கள் நிதி திரட்ட அச்சிட்ட கம்பிச்சுருள் நோட்டுகள்வரை இத்தகைய தொகுப்பில்தான் இடம்பெறும். வேறெந்த நூலகரும் அவற்றை விலை கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்.

இங்கே என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் மனையியல் துறையை மூடியபோது அதன் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய தமிழ்ச் சமையல் நூல்கள், மாணவிகள் கைப்பட எழுதிய செய்முறை ஏடுகள், எண்ணெய்க் கறையோடு. "இதெல்லாம் ஆய்வு நூலா?" என்று கேட்டார் பொறுப்பிலிருந்தவர். எடைக்குப் போயிற்று. சில ஏடுகளை மட்டும் நான் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கும் விளக்கம் கேட்டார்கள்.

எதிர்வாதி

ஐயா, எடைக்குப் போட்டது கொடுமை. ஆனால் என் ஐயம் இன்னும் தீரவில்லை. சமையல் நூல் என்பது 'இப்படிச் செய்யலாம்' என்று சொல்வது. மக்கள் என்ன தின்றார்கள் என்பதை அது சொல்லாது. 1866இல் தென் மாநிலங்களில் விடுதலையான நாற்பது லட்சம் பேரில் எத்தனை பேர் பஃப் பேஸ்ட்ரி தின்றார்கள்? எழுதத் தெரிந்த, அச்சுக்கூலி கொடுக்க முடிந்த ஒருவரை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றைக் கட்டுவது பொருளியல் படித்த எனக்கு உறுத்துகிறது.

கயல்விழி

அதற்குத்தான் சமையல் அலமாரியை விட்டு வெளியே வர வேண்டும். வட கரோலைனா பல்கலைக்கழகம், சேப்பல் ஹில் நூலகம், 'டாக்குமென்டிங் தி அமெரிக்கன் சவுத்' என்ற பெயரில் அடிமைகளாக இருந்தவர்களின் தன்வரலாறுகளை மின்னாக்கம் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றைச் சோற்றுக்காக மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பயங்கரமான அனுபவம்.

ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதியது. வயல் வேலை செய்யும் பெரியவருக்கு மாதப்படி எட்டுப் பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் சோள மாவு. பிள்ளைகளுக்குச் சோளக் களி. அதைப் பெரிய மரத் தொட்டியில் கொட்டித் தரையில் வைப்பார்கள். பன்றிகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட, பிள்ளைகள் ஓடி வந்து சிப்பி ஓட்டாலும் ஓட்டுத் துண்டாலும் வெறுங்கையாலும் அள்ளித் தின்பார்கள். வேகமாகத் தின்றவனுக்கு அதிகம் கிடைக்கும்.

அதே பண்ணையில் கர்னல் லாய்டின் பழத்தோட்டம் இருந்தது. வடக்கின் ஆப்பிள் முதல் தெற்கின் ஆரஞ்சு வரை. பசித்த பிள்ளைகள் திருடாமல் இருக்க, லாய்டு வேலியைச் சுற்றித் தார் பூசிவிட்டார். உடம்பில் தார் ஒட்டியிருந்தால் போதும். உள்ளே போனான் அல்லது போக முயன்றான் என்று சவுக்கடி. அதன் பிறகு அடிமைகள் சவுக்குக்கு அஞ்சியதுபோலத் தாருக்கும் அஞ்சினார்கள் என்கிறார் டக்ளஸ். உணவையும் இனத்தையும் பற்றிப் பேச எனக்குத் தெரிந்து இதைவிடக் கூர்மையான பத்தி இல்லை, அதில் ஒரு சமையல் குறிப்புகூடக் கிடையாது.

1936 முதல் 1938 வரை அரசு வேலைத்திட்டத்தின் கீழ், முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பேட்டி எடுத்தார்கள். அவற்றிலும் சாப்பாடு நிறைய வருகிறது. பலர் 'அந்தக் காலத்தில் வயிறார உண்டோம்' என்கிறார்கள். எதிர்வாதி, உங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பேட்டி எடுத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வெள்ளையர்கள். பேசியவர்கள் அடிமை முறை முடிந்தபோது சிறுபிள்ளைகள். பேசிய காலமோ பெருமந்தக் காலம், வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள். பசியோடு இருப்பவரிடம் பழைய சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்?

கொத்தமல்லி

தார் வேலியைப் படித்துவிட்டு அன்று மாவு பிசைய மனமே வரவில்லை.

அக்கா, முதல் பதிவில் 'எழுதிய' என்று சொன்னீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நூல் போட்டதில்லையா?

கயல்விழி

போட்டிருக்கிறார்கள். ரசலின் நூல் கிடைக்கும்வரை முதலாவது என்று கருதப்பட்டது அப்படியொரு நூல்தான். ஏபி ஃபிஷர், 1881, சான் ஃபிரான்சிஸ்கோ. தென் கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர், அலபாமாவிலிருந்து கணவர் குழந்தைகளோடு மேற்குக்கு வந்து ஊறுகாய், பழப்பாகுத் தொழில் நடத்தினார். சாக்ரமென்டோ மாநிலக் கண்காட்சியில் 1879இல் பட்டயம், அடுத்த ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் பதக்கங்கள். தமக்கும் கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்று முன்னுரையிலேயே சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார், பெண்கள் கூட்டுறவு அச்சகம் ஒன்று அச்சிட்டது.

எழுதியவரின் காது எப்படிப்பட்டது என்பதும் நூலில் பதிந்திருக்கிறது. சோளமும் பீன்ஸும் சேர்ந்த 'சக்கோடாஷ்' அவர் வாயில் வந்த விதம் புரியாமல் 'சர்க்யூட் ஹாஷ்' என்று அச்சாகியிருக்கிறது. 'ஜம்பலாயா' 'ஜம்பர்லி' ஆகிவிட்டது. நூலின் கடைசிக் குறிப்பு கைக்குழந்தைக்கான கஞ்சி. பதினொரு பிள்ளைகள் பெற்றேன், எல்லாரையும் இதைக் கொடுத்தே வளர்த்தேன் என்று முடிக்கிறார். பரிந்துரைக் கடிதம் எதற்கு, பதினொரு பிள்ளைகளே சாட்சி!

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 'ஃபீடிங் அமெரிக்கா' திட்டத்தில் 76 பழைய அமெரிக்கச் சமையல் நூல்கள் முழுமையாக இருக்கின்றன. ஃபிஷர், எஸ்டஸ், ராபர்ட்ஸ் மூவரும் அதில் உண்டு. பதிவு, கட்டணம் எதுவும் இல்லை. (மிச்சிகன் பல்கலைக்கழகமும் மிச்சிகன் ஸ்டேட்டும் வேறு வேறு. இங்கே மாற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.)

பழைய நூலகர்

எஸ்டஸ் பற்றி இன்னும் கொஞ்சம். 1857இல் டென்னசியில் அடிமையாகப் பிறந்தவர், 'எஸ்டஸ்' என்பது எஜமானரின் குடும்பப் பெயர். போர் வந்தபோது ஆண்கள் எல்லாரும் வடக்குப் படையில் சேர ஓடிவிட, ஐந்து வயதுப் பிள்ளை கால் மைல் தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்தது. பின்னாளில் புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டி ரயில்களில் சமையல்காரர், 1883 முதல் 1897 வரை. இரண்டு ஜனாதிபதிகளுக்குப் பரிமாறியவர்.

புல்மன் ரயிலில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர் யாராக இருந்தாலும் பயணிகள் 'ஜார்ஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நிறுவனர் பெயர் ஜார்ஜ் புல்மன். அடிமையை எஜமானர் பெயரால் அழைக்கும் வழக்கத்தின் மிச்சம். அந்த ரயிலில் பதினான்கு ஆண்டு வேலை பார்த்தவர் தம் நூலின் தலைப்பிலேயே 'ரூஃபஸ் சொல்லும் நல்ல பண்டங்கள்' என்று பெயரைப் பொறித்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் மதராஸ் நினைவுக்கு வருகிறது. 1878இல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்'. எழுதியவர் கென்னி-ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி, 'வைவர்ன்' என்ற புனைபெயரில். நூல் முழுக்க சமையல்காரனுக்கு ஒரே பெயர்: ராமசாமி. ராமசாமியிடம் இப்படிச் சொல்லுங்கள், ராமசாமியை இதில் நம்பாதீர்கள், ராமசாமியின் அடுக்களை அழுக்கு. சில இடங்களில் பாராட்டும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். இந்தியர் சமையலறையின் நிலைமைக்கு எஜமானர்களின் அலட்சியமும் காரணம் என்றும் எழுதுகிறார். ஆனாலும் ஆயிரம் சமையல்காரர்களில் ஒருவனுக்கும் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. அங்கே ரயிலில் ஜார்ஜ், அமெரிக்க அப்பக்கலவைப் பொட்டலத்தில் ஜெமைமா என்ற கறுப்பினப் பெண், இங்கே ராமசாமி.

எதிர்வாதி

இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் பிரேக் போடுங்கள் ஐயா. ராமசாமி சம்பளத்துக்கு வேலை பார்த்தவன். வேறு வீடு பார்த்துப் போகலாம். அவனை ஏலத்தில் விற்க முடியாது, பிள்ளைகளைப் பிரிக்க முடியாது. பெயர் பறிபோவது இரண்டிலும் ஒன்று, சரி. மற்றதெல்லாம் வேறு. தமிழர்கள் எந்த வரலாற்றைப் படித்தாலும் 'நமக்கும் நடந்தது' என்று போய் நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த மதராஸ் அடுக்களையில் யார் நுழையலாம், யார் பாத்திரம் கழுவலாம் என்பதை வெள்ளைக்காரன் மட்டும் தீர்மானிக்கவில்லை.

பழைய நூலகர்

ஏற்கிறேன். குறிப்பாகக் கடைசி வரியை.

நீலமலை

குன்னூர்க்காரன். தமிழர்களுக்கும் இந்தத் தலைப்புக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு, எதிர்வாதிகூடத் தள்ள முடியாதது.

இங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற, அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் ஊட்டச்சத்து ஆய்வு நடத்தினார். அவருடைய ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1920களில் அவர் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு 'இந்திய இனத்தின்' சாப்பாடு போட்டார். சீக்கியர் சாப்பாடு, பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, வங்காளி, மதராஸி. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலி கொழுகொழுவென்று முதலிடத்தில். அரிசிச் சோறு தின்ற வங்காளி எலியும் மதராஸி எலியும் கடைசியில். 1936இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதைப் பெரிதாகப் பேசினார்.

ஒருபுறம் பார்த்தால் நல்ல காரியம். உடல் வலு ரத்தத்தால் வருவதல்ல, சோற்றால் வருவது என்று காட்டிவிட்டார். மறுபுறம், ஒரு சாப்பாட்டை எடுத்து அதன்மேல் 'மதராஸி' என்று சீட்டு ஒட்டிவிட்டார். எந்த மதராஸி? தஞ்சாவூர்ப் பண்ணையாரா, கேழ்வரகுக் களி தின்ற கோவைப் பக்கத்து விவசாயியா, குன்னூர் தேயிலைத் தோட்டத்துக் கூலியா? இராணுவத்தில் யாரைச் சேர்ப்பது என்று 'வீர இனம்' பட்டியல் போட்டவர்களுக்கு இந்த எலி வரிசை எவ்வளவு இனித்திருக்கும்!

கயல்விழி

நீலமலை, கோதுமை உயர்ந்தது என்ற பேச்சு வெள்ளையர் ஆண்ட இந்தியாவோடு நின்றதல்ல. 1899இல் மெக்சிகோவில் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி மனித குலத்தை மூன்றாகப் பிரித்தார்: கோதுமை இனம், அரிசி இனம், மக்காச்சோள இனம். முன்னேறும் தகுதி கோதுமைக்கு மட்டுமாம். மெக்சிகோவின் பழங்குடிகள் பின்தங்கியதற்கு டோர்ட்டியாதான் காரணமாம். நிலம் பறிபோனதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்தக் காலத்து மெக்சிகோ வீடுகளில் என்ன எழுதிவைத்தார்கள் என்று பார்க்க, சான் அன்டோனியோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். மெக்சிகச் சமையல் நூல்கள் 2,000க்கும் மேல். மிகப் பழைய கையெழுத்து ஏடு 1789ஆம் ஆண்டினது. பல கையெழுத்து ஏடுகளை இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஐயா எடைக்குப் போனதாகச் சொன்னாரே, அந்த வகை ஏடுகள்தான். அங்கே பருத்திக் கையுறைக்காரர்கள் காவல் காக்கிறார்கள்.

எதிர்வாதி

எலியை ஒப்புக்கொள்கிறேன், நல்ல எடுத்துக்காட்டு. தரவை வைத்தே இனவாதம் செய்யலாம் என்பதற்குச் சான்று.

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் ஆசை தரவை முந்துவதுண்டு. கரோலைனா நெல் விவகாரம். ஜூடித் கார்னி என்ற புவியியலாளர் 2001இல், தென் கரோலைனாவின் நெல் வேளாண்மை மேற்கு ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டுவந்த அறிவு, குறிப்பாகப் பெண்களின் அறிவு என்று வாதிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. 2007இல் எல்டிஸ், மார்கன், ரிச்சர்ட்சன் மூவரும் அடிமைக் கப்பல் பயணங்களின் பெரும் தரவுத்தளத்தை வைத்துப் பார்த்து, நெல் விளையும் பகுதிகளிலிருந்து ஆட்களைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள் என்பதற்கு எண்ணிக்கை இடம் தரவில்லை என்றார்கள்.

கயல்விழி

அந்த வாதம் நீண்டுகொண்டே போனது. 2010இல் அமெரிக்க வரலாற்று இதழ் ஒன்று இதற்கென்று தனி விவாதப் பகுதியே வெளியிட்டது. என் கணிப்பு இது: யாரை வாங்கினார்கள் என்பதற்குக் கப்பல் தரவு நல்ல சான்று. வாங்கப்பட்டவர் வயலில் என்ன செய்தார் என்பதற்குச் சான்றாகாது. மதகு அமைப்பதும் உரலில் குத்தி உமி நீக்குவதும் கணக்கேட்டில் ஏறாத வேலைகள். கார்னி மிகைப்படுத்தினார் என்பதை ஏற்கலாம். தோட்ட முதலாளிகளே நெல் விளைவித்தார்கள் என்ற பழைய கதைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

வயலை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். கரோலைனாவில் புத்தாண்டு அன்று 'ஹாப்பின் ஜான்' சமைப்பார்கள். அரிசியும் தட்டைப்பயறும். தட்டைப்பயறு, காராமணி என்று நாம் சொல்வது ஆப்பிரிக்காவில் பயிரானது. இந்தியாவுக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. நவராத்திரிக்குச் சுண்டல் செய்கிறவர்கள் அதை அயல்நாட்டுப் பயிர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கொத்தமல்லி

கேழ்வரகும் கம்பும்கூட ஆப்பிரிக்காதான் என்று எங்கோ படித்தேன். சரிதானா?

நீலமலை

சரிதான். சோளமும் அப்படியே. 'நம் பாரம்பரிய தானியம்' என்று கடைகளில் எழுதி வைப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், விற்பனை படுத்துவிடும்.

பழைய நூலகர்

பயறு என்றதும் இன்னொன்று. அலபாமாவில் டஸ்கிகீ என்ற கறுப்பினக் கல்வி நிறுவனம், இன்று பல்கலைக்கழகம். அங்கே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், பருத்தி விதைத்து விதைத்துச் சத்திழந்த மண்ணையும் கடனில் மூழ்கிய குத்தகை விவசாயிகளையும் பார்த்துவிட்டு, மலிவான சிறு வெளியீடுகள் போட்டார். 1916இல் வந்தது நிலக்கடலை பற்றியது: பயிரிடும் முறையோடு, சமைக்க 105 வழிகள். தட்டைப்பயறுக்கும் தனி வெளியீடு உண்டு. உரச் செலவைக் குறைக்கும் பயிர், அதுவே வீட்டில் புரதம். நூலகங்களில் இவற்றை வேளாண்மைப் பிரிவில் வைத்திருப்பார்கள். சமையல் வரலாறு தேடுகிறவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை.

எதிர்வாதி தம்பி, மக்கள் உண்மையில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டீர்களே. அங்கே தேடுங்கள்.

எதிர்வாதி

தேடுகிறேன் ஐயா. ஆனால் கார்வரின் வெளியீடும் 'இப்படிச் சமையுங்கள்' என்று சொல்வதுதான். என் கேள்வி அப்படியே நிற்கிறது!

கொத்தமல்லி

ஒரு நடைமுறைக் கேள்வி. ரசல் அம்மாவின் குறிப்பு ஒன்றைச் செய்து, என் வாடிக்கையாளர்களுக்கு அவர் பெயரோடு விற்கலாமா? உரிமைச் சிக்கல் வருமா?

கயல்விழி

1866ஆம் ஆண்டு நூல், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. தாராளமாகச் செய்யலாம். பிற்காலப் பதிப்புகளில் மற்றவர்கள் எழுதிய முன்னுரைகளை மட்டும் படியெடுக்காதீர்கள். மூலத்தின் பக்கங்கள் ஹாதிட்ரஸ்ட் என்ற மின்னூலகத் தளத்தில் இருக்கின்றன, ஆசிரியர் பெயரைப் போட்டாலே வந்துவிடும். சீட்டில் பெயரை முழுதாகப் போடுங்கள்: மலிண்டா ரசல், பாவ் பாவ், 1866. பேஸ்ட்ரிக் கடைக்காரர் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கொத்தமல்லி

போடுகிறேன் அக்கா. ரோஸ் கேக்கிலிருந்து தொடங்குகிறேன். அடுப்புச் சூட்டை நானே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வேலை.